நாலு சாரின் பெயரில்லாத நோட்டு

என் அக்காவின் கணவரை ஆஸ்பத்திரி முழுக்க நாலு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூட உதட்டைப் பிதுக்குவார். எதையும் நாலுக்கு மேல் வைத்திருக்க மாட்டார் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. சட்டை நாலு, பேனா நாலு, செய்தித்தாள் நாலு நாளைக்கு. ஐந்தாவதாக ஒன்று வந்துவிட்டால் இருப்பதில் பழையது வெளியே போகும். இதில் ஒன்றும் குற்றமில்லை, ஒழுங்கான மனிதர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தூக்கிப் போடுகிற சாமானை யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கேட்பது கிடக்கட்டும், போட்ட பிறகாவது வாயைத் திறப்பாரா என்றால் அதுவும் கிடையாது. வாய் என்பது சாப்பிட மட்டும் கொடுக்கப்பட்டது என்பது அவருடைய கட்சி.

ஒருநாள் சமையலறையில் மூடிகள் ஐந்தாகிவிட்டன என்று ஒன்றைக் குப்பைக்கு அனுப்பினார். அது குக்கர் மூடி. அக்கா மொட்டைக் குக்கரை வைத்துக்கொண்டு மூன்று நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். அத்தானும் கூடவே குனிந்து கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடினார். என்ன தேடுகிறோம் என்று மூன்றாவது நாள்தான் கேட்டார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் அதே ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடிப் பொது வார்டில் நர்ஸ். என் வாடகை வீட்டில் குழாய் உடைந்து தரையெல்லாம் பெயர்ந்தபோது ஒரு மாதம் அக்கா வீட்டில் தங்கினேன். என் டூட்டி ஷூ வாசலில் இருந்தது. வெள்ளை நிறம், கொஞ்சம் கிழிசல், ஆனால் காலுக்கு அப்படிப் பழகிய ஷூ. என் ஷூவோடு சேர்த்து வாசலில் ஐந்து ஜோடி ஆயிற்று. ஐந்தில் எது பழசு? அன்றைக்கு நான் அக்காவின் பாத்ரூம் செருப்பைப் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது செருப்பு 'பச்சக் பச்சக்' என்று சத்தம் போட்டது. வீட்டுக்கு வந்து கத்தினேன். அத்தான் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அது போட்டுட்டிருந்த ஷூவா?" என்றார். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். இரண்டு வருஷம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அக்காவைப் பார்த்து, "உன் வீட்டுக்காரர்ட்ட சொல்லு" என்பேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கம்ப்யூட்டர் அறையில் வேலை. கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் துணி வெளுக்கிற இடத்துக்கும் நடுவில் ஜன்னலில்லாத ஒரு பொந்து. அங்கே பல சர்வர்கள் இருந்தாலும் இந்தக் கதைக்கு வேண்டியது ஒன்றுதான், எங்கள் வார்டு மணிகளின் சர்வர். எங்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. நோயாளி அமுக்கினால் நர்ஸ் மேஜையில் அந்தக் கட்டிலின் எண் எரியும், மணியும் அடிக்கும். நாங்கள் போய், சுவரில் இருக்கிற பச்சைப் பட்டனை அமுக்கினால் அணையும். சிவப்பு அமுக்கியது எத்தனை மணிக்கு, பச்சை அமுக்கியது எத்தனை மணிக்கு என்பது நொடி சுத்தமாகக் கீழே போய்ப் பதிவாகும். சர்வருக்குள் சிஸ்லாக் என்று ஒரு புரோகிராம் உட்கார்ந்து அதையெல்லாம் வரிவரியாக எழுதிக்கொண்டிருக்கும். லீவு கிடையாது, டீ கிடையாது, தலையைத் தூக்குவது கிடையாது. அதை நான் குமாஸ்தா என்றுதான் சொல்லப்போகிறேன். அது எழுதுகிற ஃபைலை நோட்டு என்கிறேன்.

எழுதிக்கொண்டே போனால் நோட்டு பருத்து சர்வரில் இடத்தை அடைத்துவிடும். அதனால் வாரத்துக்கு ஒரு முறை அந்த நோட்டுக்கு 'ஒன்று' என்று பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, புது நோட்டு ஒன்றை வைக்க வேண்டும். அடுத்த வாரம் ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும். நாலைத் தாண்டியது குப்பைக்கு. இப்படி ஒரு வேலையை இப்படி ஒரு மனிதருக்குக் கொடுத்தவர் யாரோ, அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அத்தான் அந்தப் பொந்தில் பரம சுகமாக இருந்தார்.

அந்த வேலையில் ஒரு சின்ன சங்கதி இருக்கிறது. குமாஸ்தாவுக்கு நோட்டின் அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்பது தெரியாது. கையில் எது பிரிந்திருக்கிறதோ அதில் எழுதும். நீங்கள் அட்டையில் ஒன்று என்று எழுதினாலும், நாலு என்று எழுதினாலும், பெயரையே அழித்துவிட்டாலும் அது பாட்டுக்கு அதிலேயே எழுதிக்கொண்டிருக்கும். பக்கத்தில் புது நோட்டு காத்துக்கிடப்பதே அதற்குத் தெரியாது. அதனால் நோட்டை மாற்றியதும் குமாஸ்தாவின் தோளைத் தட்டி, "பழசை மூடு, புதுசை எடு" என்று ஒரு சைகை கொடுக்க வேண்டும். ஒரே ஒரு வரி. பழைய ஏற்பாட்டில் அந்த வரி இருந்தது, ஏனென்றால் அதை எழுதியது அத்தான் அல்ல.

பிறகு ஆஸ்பத்திரி இன்னொரு கட்டடத்தைச் சேர்த்துக் கட்டி, அந்த மணிகளையும் இதே சர்வரில் கொண்டுவந்து கொட்டினார்கள். இடம் போதவில்லை. ஒரு புதன்கிழமை அத்தான், வாரத்துக்கு ஒரு முறை என்பதைத் தினமும் விடியற்காலை நாலு மணிக்கு என்று மாற்றி, முழுவதையும் தன் கையாலேயே புதிதாக எழுதினார். பெயர் மாற்றுவது, புதுசு வைப்பது, ஐந்தாவதைத் தூக்கிப் போடுவது எல்லாம் அச்சு அசலாக இருந்தது. தோளைத் தட்டுகிற வரி மட்டும் இல்லை. மறந்துவிட்டேன் என்று அவர் சொல்கிறார். மறக்கவில்லை, அவருக்குத் தோன்றவே தோன்றியிருக்காது என்று நான் சொல்கிறேன். ஒருத்தர் கையிலிருப்பதை எடுக்கும்போது சொல்லிவிட்டு எடுக்க வேண்டும் என்பது அந்த மண்டையில் ஏறுகிற விஷயமா?

ஆக, வியாழக்கிழமை அந்த நோட்டு 'ஒன்று' ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை 'நாலு' ஆயிற்று. திங்கட்கிழமை விடியற்காலை குப்பைக்குப் போயிற்று. குமாஸ்தா எதையும் கவனிக்காமல் அதிலேயே எழுதிக்கொண்டிருந்தது. என் ஷூவைப் போட்டுக்கொண்டு நான் நடந்துகொண்டிருக்கும்போதே அதைக் குப்பையில் சேர்த்த மாதிரி.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் தலையில் இடி விழுந்தது.

பதினெட்டுக் கட்டில், நான் ஒருத்தி. கூட இருந்த நர்ஸை ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஏழாம் கட்டிலில் ஒரு பெரியவர், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்றாவது நாள். பாத்ரூம் போக வேண்டும் என்று மணி அடித்திருக்கிறார். யாரும் வரவில்லை என்று தானே எழுந்து நடந்து, வழுக்கி விழுந்து, தோள்பட்டை எலும்பு உடைந்துவிட்டது. நான் போனபோது தரையில் கிடந்தார். அவருடைய மகள் மறுநாள் புகார் எழுதிக் கொடுத்தாள்: "என் அப்பா நாற்பது நிமிடம் மணி அடித்தும் நர்ஸ் வரவில்லை." நான் பதில் எழுதிக் கொடுத்தேன்: "மணி கேட்டதும் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு இரண்டு நிமிடத்துக்குள் போனேன்." சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். கற்பூரம் அணைத்துச் சொல்லச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

நாற்பது என்று ஆனால் என் வேலை போகும். வேலை போவதோடு நிற்காது, நர்ஸ் லைசென்ஸை ரத்து செய்யவும் எழுதிப் போட்டுவிடுவார்கள். இதைத் தவிர எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது.

நிர்வாகி மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்: "எதுக்கு ரெண்டு பேரும் சண்ட போடுறீங்க? கீழதான் எல்லாம் பதிவாகுதே. நாலு சாரக் கூப்பிடுங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தான் வந்தார். சர்வரில் பார்த்தார். செவ்வாய்க்கிழமை நோட்டு காலி. புதன், திங்கள், ஞாயிறு, சனி எல்லாம் காலி. ஐந்து நோட்டிலும் ஒரு எழுத்துக்கூட இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் செய்தி ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. கொழுந்தியாளுக்காக நாலு சார் எல்லாவற்றையும் அழித்துவிட்டாராம். இரண்டு வருஷமாக நான் முகம் கொடுத்துப் பேசாத மனிதர் எனக்காகக் குற்றம் செய்கிறாராம்! பெரியவரின் மகள் காதுக்கும் அது போயிற்று. அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். கால்புள்ளி ஒன்று தலைகீழாக இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண். "அப்பாவும் மனுஷன்தான், அவர் சொல்றதுக்கு மதிப்பே இல்லையா?" என்று நிர்வாகியின் அறையில் அவள் கேட்டது வராந்தா வரைக்கும் கேட்டது.

நிர்வாகிக்குக் கம்ப்யூட்டர் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான் தெரியும். "ஏதோ ஸ்டக் ஆகியிருக்கு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, வந்துடும்" என்று எலெக்ட்ரீஷியனைக் கீழே அனுப்பினார்.

அதற்குள் அத்தான் ஒன்றைக் கவனித்திருந்தார். நோட்டுகள் ஐந்தும் காலி. ஆனால் சர்வரில் இடம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. ஒன்றுமே எழுதாமல் இடம் எப்படி அடையும்? எங்கேயோ பெயரில்லாத நோட்டு ஒன்று இருக்கிறது, குமாஸ்தா இன்னும் அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. பெயர் போய்விட்டால் அந்த நோட்டை வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது. ஆனால் குமாஸ்தா அதைக் கையில் பிடித்திருக்கிறவரை அது சாகாது. குமாஸ்தாவின் கை வழியாகவே எட்டிப் பார்த்துப் படிக்கவும் ஒரு வழி உண்டு. சர்வரை ஒரு தடவை அணைத்தால் கை விட்டுவிடும். அதோடு நோட்டும் போச்சு, செவ்வாய்க்கிழமையும் போச்சு, நானும் போனேன்.

எலெக்ட்ரீஷியன் உள்ளே போனபோது அத்தான் ஒரு நாற்காலியை இழுத்து சுவிட்ச் போர்டுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தாராம்.

"சார், நகருங்க. ஆஃப் பண்ணச் சொல்லியிருக்காங்க."

"கூடாது."

"ஏன் சார்?"

"கூடாது."

இரண்டு தடவை பேசிவிட்டார் என்பதே எலெக்ட்ரீஷியனுக்கு அதிர்ச்சி. மேலே ஓடிவந்து, "நாலு சாருக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று சொன்னார். நிர்வாகியே இறங்கிப் போனார். வெள்ளிக்கிழமை காலையில் விசாரணை, அது வரைக்கும் இந்த சர்வரை யாரும் தொடக் கூடாது, அதில் பதிவு இருக்கிறது, அங்கே வைத்து எல்லோர் கண் முன்னாடியும் எடுத்துக் காட்டுகிறேன் என்று அத்தான் சொன்னார். ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசியது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று அக்கா சொல்கிறாள். கல்யாணத்தன்றும் பேசவில்லையாம்.

அந்த நோட்டை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு எழுந்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். காப்பியும் எடுத்திருந்தார். ஆனால் அக்கா வீட்டுக்காரர் பென்டிரைவில் கொண்டுவந்து நீட்டுகிற காப்பியை எந்த மடையன் நம்புவான்? மூலம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் வெள்ளி காலை வரைக்கும் நாற்காலியை விட்டு நகரவில்லை. அக்கா மூன்று வேளையும் டிபன் கேரியர் தூக்கிக்கொண்டு நடந்தாள். பாத்ரூம் போகும்போது அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனாராம்.

வியாழக்கிழமை மாலை என் டூட்டி முடிந்ததும் நானே கீழே போனேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நேரடியாக, "அத்தான்" என்றேன். அவர் நாற்காலியில் இருந்தபடியே ஒரு தாளை நீட்டினார். ஏழாம் கட்டிலின் வரிகளை மட்டும் கையால் எழுதி வைத்திருந்தார்.

சிவப்பு, இரண்டு இருபத்தொன்று. சிவப்பு, இரண்டு இருபத்துமூன்று. சிவப்பு, இரண்டு இருபத்தாறு. சிவப்பு, இரண்டு இருபத்தொன்பது. பச்சை, இரண்டு முப்பது.

"நாப்பது இல்ல. ஒம்பது" என்றார்.

நான்கு தடவை அமுக்கியிருக்கிறார் அந்த மனிதர். நான் கேட்டது கடைசி ஒன்றை மட்டும்தான். மற்ற மூன்றும் அடித்தபோது நான் எங்கே இருந்தேன்? பன்னிரண்டாம் கட்டிலில் ஒருத்திக்கு வாந்தி, மூன்றாம் கட்டிலில் டிரிப்ஸ் முடிந்திருந்தது, பதினைந்தாம் கட்டில் போன் சார்ஜர் கீழே விழுந்துவிட்டது என்று மணி அடித்தார். எல்லாம் ஞாபகம் வந்தது. வந்து என்ன பிரயோஜனம்? எழுத்தில் 'இரண்டு நிமிடம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்து நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் மற்றவர் வண்டவாளத்தை எல்லாம் எழுதிவிட்டு என்னுடையதை மட்டும் மறைத்தால் அது ஓரவஞ்சனை.

"முதல் மூணு வரிய எடுத்துடுங்க அத்தான்."

அவர் என்னைப் பார்த்தார்.

"கடைசி சிவப்பு ரெண்டு இருவத்தொம்பது, பச்சை ரெண்டு முப்பது. நான் எழுதிக் குடுத்ததும் அதான். யாருக்குத் தெரியப்போகுது? உங்களுக்கு மட்டும்தானே பாஸ்வேர்டு. எத்தனையோ தூக்கிப் போட்டிருக்கீங்க, இந்த மூணு வரியத் தூக்கிப் போட முடியாதா?"

முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. டிபன் கேரியரைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. இந்த மனிதர் எடுப்பாரா மாட்டாரா என்று தெரியாமலேயே வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பொந்தில் ஐந்து பேர் நெருக்கியடித்து நின்றோம். நிர்வாகி, பெரியவரின் மகள், நான், கதவோரமாக எலெக்ட்ரீஷியன், நாற்காலியில் அத்தான். துணி வெளுக்கிற இடத்திலிருந்து சோப்பு நாற்றம் வந்தது.

மகள்தான் ஆரம்பித்தாள். "இவர் அவங்களுக்குச் சொந்தம். இதுல தெரியப்போறத இவரே டைப் அடிச்சு வெச்சிருந்தா நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அஞ்சு நோட்டும் ஏன் காலியா இருக்குன்னு முதல்ல சொல்லிடறேன்" என்றார் அத்தான். சொன்னார். போன வாரம் புதன்கிழமை தான் எழுதியது, விட்டுப்போன வரி, ஒவ்வொரு விடியற்காலையும் என்ன ஆயிற்று, திங்கட்கிழமை எது குப்பைக்குப் போனது எல்லாம். குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை.

நிர்வாகியின் புருவம் மேலே போனது. "அப்ப தப்பு உங்களோடதா?"

"ஆமா."

"இந்த ஒம்பது நாளா எந்த வார்டுக்கும் பதிவே இல்லையா?"

"பெயரோட இல்ல. இதுக்குள்ள இருக்கு. முந்தாநேத்து ஆஃப் பண்ணியிருந்தா எதுவுமே இருந்திருக்காது."

எழுதிக் கொடுங்கள் என்றார் நிர்வாகி. அத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகள் அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். அவள் முகம் கொஞ்சம் மாறியது. பொய்ச் சாட்சி ஜோடிக்கிறவன் முதலில் தன் கழுத்துக்கே கயிறு மாட்டுவானா?

"உங்க அப்பாவ இப்ப மணி அடிக்கச் சொல்லுங்க" என்றார் அத்தான். மகள் போன் போட்டாள். ஐந்து நொடியில் திரையில் ஒரு வரி ஏறியது. ஏழாம் கட்டில், சிவப்பு. பெயரில்லாத நோட்டில் குமாஸ்தா எங்கள் கண் முன்னாலேயே எழுதியது. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

எனக்கு வேறொன்று உறைத்தது. இன்றைக்கும் மேலே ஒரே நர்ஸ், அவளும் பக்கத்து அறையில் டிரஸ்ஸிங்கில் இருப்பாள். திரையில் சிவப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. விசாரணையாவது மண்ணாங்கட்டியாவது என்று படியில் ஓடினேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடி. மூச்சிரைக்க வார்டுக்குள் நுழைந்து பச்சையை அமுக்கினேன்.

பெரியவர் தோளில் கட்டோடு சாய்ந்திருந்தார். "இன்னிக்கி மட்டும் பறந்து வர்றியேம்மா" என்றார். கிண்டல்தான், ஆனால் கோபமில்லை.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, சொல்லிவிட்டேன். "ஐயா, அன்னிக்கி நான் ரெண்டு நிமிஷம்னு எழுதிக் குடுத்தது தப்பு. ஒம்பது நிமிஷம் ஆயிருக்கு. நீங்க நாலு தடவ அடிச்சிருக்கீங்க."

"ஒம்பதா? என் பொண்ணுகிட்ட நாப்பதுன்னு சொன்னேன். பொய் சொல்லணும்னு சொல்லல. அடக்கிக்கிட்டுக் கிடந்தவனுக்கு அது நாப்பதுதான்."

நான் அங்கேயே அழுதேன். பதினெட்டுக் கட்டிலும் வேடிக்கை பார்த்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினால் அங்கே மகள் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் நின்றுகொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானத்து வரிகளை விரல் வைத்து ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படித்தது நேரத்தை அல்ல. ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு எண் இருந்தது.

"இது என்ன நம்பர்?" என்று எலெக்ட்ரீஷியனிடம் கிசுகிசுத்தேன்.

"சுவத்துல இருக்கிற மணிப் பெட்டியே போடுற வரிசை நம்பராம். சர்வர் போடுறது இல்லியாம். நடுவுல ஒண்ணு எடுத்தாக்கூட ஓட்டை தெரிஞ்சுடும்னு அந்தம்மாதான் கண்டுபிடிச்சாங்க."

முந்தின நாள் சாயங்காலம் நான் கேட்டதை இந்த மனிதர் செய்திருந்தால்? மூன்று எண் காணாமல் போயிருக்கும். ஒன்பது நிமிஷக் குற்றம் போய், திருட்டுக் குற்றம் வந்து உட்கார்ந்திருக்கும். எனக்கும் அவருக்கும் சேர்த்து. அத்தானைப் பார்த்தேன். அவர் தன் சட்டைப் பையில் பேனா நாலும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. பதினெட்டு. பத்தொம்போது..." இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் அறுபத்திரண்டு வரி. நானூற்று எழுபத்தெட்டில் நிறுத்தி, மகள் திரும்பினாள்.

"எல்லாம் இருக்கு. ஒண்ணுகூட விடல."

பிறகு மெதுவாக, "அந்த ஒம்பது நிமிஷத்துல மத்த கட்டில்ல பதினோரு தடவ மணி அடிச்சிருக்கு. ஒருத்திதான் இருந்தாங்களா?" என்று நிர்வாகியைக் கேட்டாள். நிர்வாகி திடீரென்று தன் போனில் ஏதோ முக்கியமாகப் பார்க்க வேண்டியவர் ஆனார். அவள் விடவில்லை. "ஒருத்திதானா?"

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தவறான விளக்கம் எழுதிக் கொடுத்ததற்கு. சரிதான், வாங்கிக்கொண்டேன். லைசென்ஸ் பிழைத்தது. மகளே முன்னின்று இன்னொரு புகார் எழுதினாள், இந்த முறை நிர்வாகியின் மேல். அதிலிருந்து மத்தியான டூட்டிக்கு இரண்டு நர்ஸ். அத்தானிடமிருந்து சர்வர்களைப் பிடுங்கி வெளிக் கம்பெனி ஒன்றிடம் கொடுத்துவிட்டார்கள். பதினாறு வருஷம் பார்த்த வேலை. இனி மாடி மாடியாக ஏறி பிரிண்டர் பழுது பார்க்க வேண்டும் என்று உத்தரவு. போகும்போது விட்டுப்போன அந்த ஒரு வரியைச் சேர்த்து, அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாராம்.

அந்த ஒரு வாரம் நான் போட்ட ஆட்டம் சொல்லி மாளாது. அக்காவிடம் மணிக்கணக்கில் அத்தான் புராணம். "எப்பேர்ப்பட்ட மனுஷன்டி! கொழுந்தியாளே கெஞ்சினாலும் ஒரு வரியத் தொடல. நேர்மைன்னா அது." அக்கா, "நீயா பேசுற?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நர்ஸ் மேஜையில் மற்றவர்களிடமும் அதே பாட்டு. இரண்டு வருஷம் திட்டியதற்கெல்லாம் வட்டியோடு புகழ்ந்து தள்ளினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் எங்கள் வார்டு பிரிண்டருக்கு வந்தார். மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே தலையை விட்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். நன்றி சொல்ல வேண்டும் என்று வந்தேன், வாய் வேறு மாதிரி கேட்டது.

"அத்தான், அன்னிக்கி நான் கேட்டப்ப ஏன் எடுக்கல?"

அவர் உருளையில் சிக்கியிருந்த தாளைக் கிழியாமல் மெல்ல இழுத்தார். "வரிசை நம்பர் இருந்துச்சே" என்றார்.

"அது இல்லேன்னா?"

தாள் முழுசாக வெளியே வந்தது. அதை மடித்துக் கூடையில் போட்டார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "மூணையும் எடுத்திருப்பேன். நீ தங்கச்சி மாதிரிதானே."

நான் ஒரு வாரமாக ஊருக்கெல்லாம் நிற்கவைத்துக் காட்டிய சிலை சரிந்து தரைக்கு வந்தது. சரிந்த இடத்தில் எங்கள் வீட்டு மனிதர் ஒருவர் கையெல்லாம் மையோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவரை முதல் முறையாக மனசாரப் பிடித்தது. அக்காவிடம் அன்றைக்கே போன் போட்டுச் சொன்னேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நர்ஸ் மேஜையில் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள்.

தோள்கட்டு பிரித்து வீட்டுக்குப் போகிற அன்று ஏழாம் கட்டில் பெரியவர், "உங்க அத்தானக் கேட்டதாச் சொல்லும்மா, தங்கமான மனுஷன்" என்றார். அவரிடம் மட்டும் அந்த மூணு வரிக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.